வங்கி ஏலத்தில் எடுத்த வீடு: பூட்டைத் திறந்ததும் மொட்டைமாடிக்குப் போங்கள்

வங்கி ஏலத்துக்கு வருகிற வீடு பெரும்பாலும் சில வருடமாவது பூட்டிக் கிடந்த வீடாக இருக்கும். தவணை நின்று, 60 நாள் நோட்டீஸ் முடிந்து, வங்கி சுவாதீனம் எடுத்து, ஓரிரு ஏலத்தில் கேட்க ஆள் வராமல் விலையைக் குறைத்து மறுபடி விளம்பரம் போடுவதற்குள் ஐப்பசி, கார்த்திகை அடைமழை அந்த வீட்டின் மேல் பலமுறை பெய்து தீர்த்திருக்கும். மாடியில் இலை அடைத்த குழாய் வாயைக் குத்திவிட ஆள் இல்லை. ஒழுகும் இடத்தில் ஒரு வாளி வைக்கவும் ஆள் இல்லை. தண்ணீர் மேலிருந்து கீழே இறங்கித்தான் அந்த வீட்டைக் கெடுத்திருக்கிறது. சரிசெய்வதும் அதே வரிசையில்தான் நடக்க வேண்டும். கூடத்துச் சுவருக்குப் பட்டி பார்ப்பதில் ஆரம்பிப்பவர்கள் அடுத்த மழைக்குப் பிறகு அதே சுவரை மறுபடி சுரண்ட வேண்டிவரும்.

கோர்ட்டுக்குப் போகாமலே அடமான வீட்டை வங்கி விற்க இடம் தருகிற சர்ஃபாசி சட்ட (2002) விதிகளின்படி, ஏலம் கிடைத்த அன்றே அல்லது அடுத்த வேலைநாளுக்குள், முன்பணத்தையும் சேர்த்து 25 சதவீதம் கட்ட வேண்டும். மீதியை ஏலம் உறுதியான 15 நாளில் கட்டணும். வங்கி எழுத்தில் சம்மதித்தால் மொத்தம் 3 மாதம் வரை நீளும். இத்தனை வேகத்தில் பணம் போன பிறகு ரிப்பேருக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அதனால்தான் மச்சான், சித்தப்பா, அத்தை பிள்ளைகள் என்று எல்லாரும் வேலையில் இறங்குகிறார்கள். அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று தெரிந்தால் கூலியில் நல்ல மிச்சம். தெரியாவிட்டால் ஒரே வேலைக்குக் கொத்தனார் இரண்டு முறை வருவார்.

ஒரு சட்டி கலவை போடுவதற்கு முன் காகிதம் சரியாக இருக்கட்டும். விற்பனைச் சான்றிதழ் கைக்கு வந்து பதிவாகியிருக்க வேண்டும்; வங்கியிடம் இருந்தது அடையாள சுவாதீனம் (நோட்டீஸ் ஒட்டிக் காகிதத்தில் மட்டும் எடுத்தது) தானா, சாவியோடு எடுத்த நேரடி சுவாதீனமா என்று பார்க்க வேண்டும். அடையாள சுவாதீனத்தில் விற்ற வீட்டில் ஆள் குடியிருக்கலாம். கடன் வசூல் தீர்ப்பாயத்தில் வழக்கும் ஓடலாம். சாவி கைக்கு வராமல் சாமான் வாங்கிப் போடாதீர்கள். மின்பாக்கி, சொத்துவரி, தண்ணீர்வரி பாக்கியையும் முன்கூட்டியே விசாரியுங்கள். 'உள்ளது உள்ளபடி' என்று ஏலத்தில் எடுத்த இடங்களைப் பற்றிய கேரள மின்வாரிய வழக்கில் 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: மின் வழங்கல் விதிகள் இடம் கொடுத்தால், பழைய உரிமையாளர் வைத்த பாக்கியைக் கட்டினால்தான் புது இணைப்பு என்று கேட்க மின்வாரியத்துக்கு அதிகாரம் உண்டு.

இன்னொன்று. இப்படிப்பட்ட வீடுகளில் பழைய குடும்பத்தின் சாமான் கிடக்கும். பீரோ, பாத்திரம் தவிர பள்ளிச் சான்றிதழ், கல்யாண ஆல்பம், ரேஷன் கார்டு, சாமி படம்கூட இருக்கும். ஏலத்தில் உங்களுக்கு வந்தது மண்ணும் கட்டடமும்தான்; இவை உங்களுடையவை அல்ல. சுவாதீனம் எடுத்தபோது வங்கி எழுதிய சாமான் பட்டியலோடு ஒப்பிட்டு, படமெடுத்து, வங்கி அதிகாரிக்கு எழுதிக் கொடுத்து ஒப்படையுங்கள். சான்றிதழ்களைத் தனி உறையில் போட்டுக் கொடுங்கள். வீட்டை இழந்தவர்களுக்கு அந்தக் காகிதங்கள் பிற்பாடு தேவைப்படும். இதைச் செய்ய வீட்டுப் பெரியவர் ஒருவர் கூடவே நிற்பது நல்லது.

முதல் நாள் சுத்தம் செய்யும் நாள் அல்ல, பார்க்கிற நாள். கம்பூட்ஸ், டார்ச், நீளக் கம்பு வேண்டும். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் காற்றாட விடுங்கள். பாம்பு, தேன்கூடு இருந்தால் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். வௌவால் அல்லது புறா எச்சம் குவிந்த அறையைக் காய்ந்த நிலையில் பெருக்கக் கூடாது. பிளீச்சிங் கரைத்த தண்ணீர் தெளித்து நனைத்து, என்-95 முகக்கவசம் போட்டு அள்ள வேண்டும். சின்னப் பிள்ளைகளை அன்று கூட்டிப்போக வேண்டாம். எல்லாப் பூட்டுகளையும் அன்றே மாற்றிவிடுங்கள்.

இப்போது மாடி. தண்ணீர் போகும் வாய்கள் எத்தனை, எத்தனை அடைத்திருக்கின்றன என்று பாருங்கள். சுமாராக 400 சதுர அடிக்கு ஒரு 4 அங்குலக் குழாய் வேண்டும். 1,000 சதுர அடி மாடிக்கு ஒரே குழாய் வைத்த வீடுகள் ஏராளம். அங்கே இன்னும் ஒன்றிரண்டு இறக்காமல் எந்த ரசாயனம் பூசியும் பயனில்லை. வாட்டம் குறைந்தது 10 அடிக்கு ஒன்றேகால் அங்குலமாவது இருக்க வேண்டும். மாடித் தளத்தில் பதித்த தட்டோட்டைச் சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே நடந்தால், கெட்டியான இடம் 'டக்' என்னும், பொக்கையான இடம் 'பொத்' என்னும். பொக்கையான இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். மாடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வட்டம் விழுந்தால், ஒட்டுப்போடாமல் முழுவதும் பெயர்த்தெடுப்பதே சரி.

பெயர்க்கச் சோம்பல்பட்டு, பழைய ஓட்டின் மேலேயே இரண்டு அங்குலம் கான்கிரீட் போட்டு மூடுவது நம் ஊரில் நடக்கிற பெரிய தவறு. கீழே ஊறிய சுண்ணாம்பு ஜல்லியில் இருக்கும் தண்ணீர் மேலே போக வழியில்லாமல் சிலாப்பு வழியாகக் கீழே இறங்கும். அதோடு, இரண்டு அங்குலக் கான்கிரீட் 100 சதுர அடிக்கு ஒரு டன்னுக்கு மேல் எடை. ஏற்கெனவே கம்பி துருப்பிடித்த சிலாப்பின் தலையில் அந்தச் சுமையை ஏற்றுவது ஆபத்து.

கைப்பிடிச் சுவர் ஓரத்தில் அரசங்கன்று முளைக்காத பூட்டின வீடு அபூர்வம். வெளியே ஒரு முழம் செடிதான் தெரியும். உள்ளே வேர் செங்கல் இணைப்பு வழியாக ஓடி, பூச்சையே சுவரிலிருந்து தள்ளியிருக்கும். கையால் பிடுங்கினால் மேல்பகுதி மட்டும் வரும், இரண்டு மாதத்தில் மறுபடி துளிர்க்கும். ஆசிட் ஊற்றுவார்கள், கல்லுப்பு வைப்பார்கள், இரண்டுமே தப்பு. ஆசிட் சிமெண்டைத் தின்னும், உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். வேர் போன வழியிலேயே உளியால் பூச்சைத் திறந்து, நுனிவரை இழுத்தெடுத்து, நாலைந்து நாள் காயவிட்டு, பாலிமர் கலந்த சாந்தால் அடைக்க வேண்டும். பொறுமை கேட்கும் வேலைதான், ஆனால் தனித் திறமை தேவையில்லை. செடி இருப்பது மாடியின் உள்பக்கம் என்றால் வீட்டு ஆட்களே செய்யலாம். வெளிப்பக்கம் என்றால் சாரம் கட்டிக் கொத்தனார்தான் செய்யணும். கைப்பிடிச் சுவரில் குனிந்து தொங்கிச் செய்யவே கூடாது.

பெயர்த்த பிறகு சிலாப்பைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். விரிசலை 'வி' வடிவத்தில் அரை அங்குல ஆழத்துக்கு வெட்டி பாலிமர் சாந்து நிரப்ப வேண்டும். சிலாப்பும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையைச் செங்குத்தாக விடாமல் சாய்வாக வளைத்துப் பூச வேண்டும். ஒழுகல் முக்கால்வாசி இந்த மூலையில்தான் ஆரம்பிக்கும். பிறகு சிமெண்டும் அக்ரிலிக்கும் கலந்த நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை. முதல் கை நீளவாக்கில் என்றால் இரண்டாவது குறுக்குவாக்கில். மூலைகளில் கண்ணாடி இழை வலையை இரண்டு பூச்சுக்கும் நடுவே பதியுங்கள். காய்ந்ததும் குழாய் வாயை அடைத்து, ஒரு அங்குலத் தண்ணீர் 48 மணி நேரம் நிற்கட்டும். 100 சதுர அடிக்கு அந்தத் தண்ணீர் 230 கிலோ இருக்கும்; ஆகவே கீழ்ப்பக்கக் கம்பியின் நிலையைப் பார்த்த பிறகே இந்தச் சோதனை. ஒழுகாவிட்டால்தான் மேலே ஓடு பதிக்க வேண்டும்.

கீழே வந்து அறை அறையாகக் கூரையைப் பாருங்கள். பூச்சு விழுந்து கம்பி தெரிகிற இடமும், நேர்கோட்டில் விரிசலும் பழுப்புக் கறையும் இருக்கிற இடமும் ஒரே நோயின் இரண்டு கட்டம். துரு, இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் பிளந்து விழுகிறது. வெறும் சிமெண்ட் சாந்து அப்பி மூடினால் ஒரு வருடத்தில் அது தலையில் விழும். துரு உள்ளே அப்படியே இருக்கிறது, புதுச் சாந்து பழைய கான்கிரீட்டைப் பிடிப்பதும் இல்லை.

செய்ய வேண்டியது வேறு. முதலில் கூரையைக் கீழிருந்து தாங்க ஜாக்கி முட்டு. தளர்ந்த கான்கிரீட்டைத் தட்டி எடுத்து, கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழையும் அளவு இடம் திறக்க வேண்டும். துரு பளபளப்பாகப் போகும்வரை கம்பி பிரஷ் போட்டு, காலிப்பரால் கம்பியின் பருமனை அளக்க வேண்டும். 8 மி.மீ. கம்பி 7 மி.மீ. ஆகியிருந்தாலே அதன் குறுக்களவில் ஏறக்குறைய கால்வாசி போய்விட்டது. அந்த நிலையில் கொத்தனார் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்காமல், ஒரு கட்டடப் பொறியாளரை வரவழையுங்கள். துணைக்கம்பி எங்கே, எவ்வளவு என்று அவர்தான் சொல்ல வேண்டும். பருமன் குறையாத கம்பிக்குத் துத்தநாக ப்ரைமர் அடித்து, பழைய கான்கிரீட்டில் பிணைப்புப் பூச்சு தடவி, அது ஈரமாக இருக்கும்போதே பாலிமர் சாந்தை மெல்லிய அடுக்குகளாக ஏற்ற வேண்டும். கம்பிக்குக் கீழே குறைந்தது 20 மி.மீ. மூடல் வர வேண்டும். இந்த வேலையில் சொந்தக்காரர் யாரும் உளி பிடிக்க வேண்டாம். சன்ஷேடிலும் அப்படியே: துரு தின்ற சன்ஷேடின் மேல் ஏறி நின்று பெயிண்ட் அடிப்பது உயிரோடு விளையாடுவது.

மாடி ஒழுகல் நின்றதும் சுவர் உடனே காய்ந்துவிடாது. ஒரு அடிக்கு ஒரு அடி பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் ஒருநாள் விடுங்கள். உட்பக்கம் வேர்த்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. உப்புப் பூத்த இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும். காய்ந்த பிரஷால் தேய்த்து, முறத்தில் வாங்கி வெளியே கொட்டுங்கள். இரண்டு மூன்று தடவை பூத்துத் தேய்த்த பிறகே பூச்சு. மழை முடிந்து தை மாதத்தில் வேலையைத் தொடங்கினால், காய்வதற்கு வெயில் நமக்குச் சாதகம்.

கரையானுக்கு வருவோம். நிலைக்கால்களின் அடியில் ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். மேலே பெயிண்ட் நன்றாக இருக்கும், குத்தினால் உள்ளே இறங்கும். சுவரும் தரையும் சேருகிற கோட்டில் அடிக்கு ஒன்றாக 12 மி.மீ. துளை போட்டு மருந்து இறக்குவது முறை. துளைக்கு அதிகபட்சம் ஒரு லிட்டர். இமிடாக்ளோபிரிட் 30.5 சதவீத மருந்து என்றால் லிட்டர் தண்ணீருக்கு 2.1 மி.லி. சம்ப்பு (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி), கிணறு, போர்வெல் பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கம் மருந்து இறக்கக் கூடாது. தரைக்குப் புது டைல்ஸ் ஒட்டப்போகிறீர்கள் என்றால் மருந்து அதற்கு முன்பே முடியட்டும். தரை போட்ட பிறகு துளை போடச் சொல்லி வரும் சண்டை எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

பூட்டின வீட்டில் வயர் திருட்டு சகஜம். செம்புக்காக டிபி பெட்டியிலிருந்து (வீட்டு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டி) உருவியிருப்பார்கள். மிச்சமிருப்பதை நம்பி மெயின் போடாதீர்கள். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் மெகர் (வயர் உறையின் தாங்குதிறனை அளக்கும் கருவி) வைத்து ஒவ்வொரு சர்க்யூட்டையும் பார்க்கட்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டுகிற சர்க்யூட்டை மாற்றிவிடுவதே நல்லது. விளக்குக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசி, கீசருக்கு 4 சதுர மி.மீ. செம்பு வயர். மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். பைப்புக்குள் குளவி மண்கூடு கட்டி அடைத்திருக்கும். வயர் போகவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் அதுதான். அதனால், பூச்சு வேலைக்கு முன்பே எல்லாப் பைப்பிலும் இழுவைக் கம்பி விட்டுப் பார்த்துவிட வேண்டும். எர்த் குழி காய்ந்து கிடக்கும், அதையும் புதுப்பிக்கணும்.

தண்ணீர்ப் பக்கம் ஒரு விஷயத்தில் நான் கடுமையாகவே சொல்வேன். வருடக்கணக்கில் மூடிக் கிடந்த சம்ப்பிலும் செப்டிக் டேங்கிலும் யாரும் இறங்கக் கூடாது. மச்சான் தைரியசாலி என்றாலும் கூடாது. உள்ளே ஆக்சிஜன் இருக்காது, நச்சுவாயு இருக்கும். இறங்கியவர் மயங்கி விழ, தூக்க இறங்கிய அடுத்தவரும் விழுவார். செப்டிக் டேங்கில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. உறிஞ்சு லாரியைக் கூப்பிடுங்கள். தமிழ்நாட்டில் அதற்கு 14420 என்ற உதவி எண் இருக்கிறது. சம்ப்பை மூடி திறந்து ஒருநாள் விட்டு, பம்பால் இறைத்து, மேலிருந்தே நீளப் பிரஷால் தேய்த்து, மறுபடி நிரப்பி, 1,000 லிட்டருக்கு சுமார் 200 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து ஓரிரவு வைத்து வெளியேற்றிவிடலாம். பாத்ரூமில் குடலைப் புரட்டும் நாற்றம் வந்தால் பயப்பட வேண்டாம்; நானி ட்ராப்பில் (தரைக் கழிவுநீர் வாயில் நாற்றத்தைத் தடுக்கத் தண்ணீர் தேங்கும் கிண்ணம்) தண்ணீர் வற்றியதால் சாக்கடைக் காற்று மேலே வருகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு வாளி ஊற்றிப் பார்த்துவிட்டு, அப்புறமும் நாறினால் பிளம்பரைத் தேடுங்கள். போர் மோட்டார் நெடுநாள் ஓடாமல் இறுகியிருக்கும். சுவிட்சைப் போட்டதும் உறுமிக்கொண்டு ஓடாமல் நின்றால் உடனே அணைத்துவிடுங்கள். மறுபடி மறுபடி போட்டால் மோட்டாரின் செம்புக்கம்பிச் சுருள் எரிந்துபோகும்.

சொந்தக்காரர் செய்யத் தக்கவை எவை? ரப்பிஷ் அள்ளுவது, தோட்டம் வெட்டுவது, பழைய பெயிண்ட்டையும் பொக்கைப் பூச்சையும் சுரண்டுவது, ஜன்னல் கம்பியை உப்புத்தாளால் தேய்த்து ரெட் ஆக்சைடு அடிப்பது, கதவைக் கழற்றி இழைப்பது, டைல்ஸ் கறை எடுப்பது, கடைசியில் உள் சுவர் பெயிண்ட். இவற்றை விடப் பெரிய உதவி தண்ணீர் விடுவது. புதுப் பூச்சுக்கு 7 நாள் காலையும் மாலையும் தண்ணீர் விட வேண்டும். கூலி ஆள் அதற்கென்று வரமாட்டார், வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை விட்டுப்போகும். பக்கத்துத் தெருவில் குடியிருக்கிற அத்தையோ தாத்தாவோ இதை ஏற்றுக்கொண்டால் பூச்சு வெடிக்காது. சாமான் இறங்கும்போது மூட்டை எண்ணி நோட்டில் எழுதுவதும் பெரியவர்களுக்கு ஏற்ற வேலை. வீட்டில் கொத்தனாரோ எலக்ட்ரீஷியனோ இருந்தால் அவருக்கு முழுக் கூலி கொடுத்துவிடுங்கள். உறவுக்காக இலவசமாக வருபவர் கூலி வேலை வந்ததும் பாதியில் போவார். அவர் பூசியது சரியில்லை என்றாலும் உங்களால் வாய் திறக்க முடியாது.

எல்லாரும் கூடும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே சாமான் தயாராக இருக்க வேண்டும். எட்டுப் பேர் வந்து இரண்டு சுரண்டி மட்டும் இருந்தால் ஆறு பேர் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். ஆளுக்கொரு சுரண்டி, கையுறை, முகக்கவசம், இரண்டு பேருக்கு ஒரு பாண்டு சட்டி, ரப்பிஷ் எடுக்க அன்று மாலையே வண்டி.

உள்பூச்சுக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு ஐந்து பங்கு மணல் கலவை; மணல் பி-சாண்ட் (பூச்சுக்கென்று கல்லை உடைத்துச் செய்த நைஸ் மணல்). 50 கிலோ மூட்டை ஒன்றேகால் கன அடி. ஆக ஒரு மூட்டைக்கு ஆறேகால் கன அடி மணல். மேடுபள்ளமான பழைய சுவரில் 100 சதுர அடிக்குக் கிட்டத்தட்ட ஒரு மூட்டை பிடிக்கும். செங்கல் இணைப்பை அரை அங்குலம் கிளறி, சுவரை முதல்நாளே நனைத்து வைக்காவிட்டால் புதுப் பூச்சு பழைய சுவரைப் பிடிக்காது. பூசி 28 நாள் ஆகாமல் பெயிண்ட் அடிக்க வேண்டாம். நல்ல நாள் தவறுகிறது என்றால் பால் காய்ச்சிவிடுங்கள். அதற்குச் சுவர் பூசியிருந்தால் போதும், பெயிண்ட் காத்திருக்கட்டும்.

முதல் பெருமழை அன்று குடையோடு மாடிக்கு ஏறி, ஒவ்வொரு குழாயிலும் தண்ணீர் இறங்குகிறதா, எங்கேனும் குட்டை நிற்கிறதா என்று பாருங்கள். கீழே வந்து கூரையின் மூலைகளையும் ஜன்னலின் மேல் விளிம்பையும் பாருங்கள். ஈரக்கறை தெரிந்தால் அதன் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து தேதி எழுதுங்கள். அடுத்த மழையில் கோட்டைத் தாண்டியிருந்தால், அந்தக் கறைக்கு நேர் மேலே மட்டுமல்ல, வாட்டத்தின் மேல்பக்கமாகவும் தேட வேண்டும். ஓட்டுக்கடியில் தண்ணீர் பத்தடி ஓடி வந்தும் இறங்கும்.